நாடியின் ஒழுங்கும் முதுமையின் அளவும்

நாடி சீராக அடித்தால் உடல் நலமாக உள்ளது என்பது பொதுக் கருத்து. பண்டை மருத்துவர்களோ இதைவிட நுட்பமாகப் பேசியுள்ளனர். இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில், ஜாலீனூஸின் மரபையொட்டி நாடியின் பத்துக் கூறுகளை வகுத்தார். நாடி சமமாக உள்ளதா, மாறுபடுகிறதா என்பது அவற்றுள் ஒன்று. மாறுபடும் நாடியில் ஓர் ஒழுங்கு உண்டா, இல்லையா என்பது மற்றொன்று. மாறுபாடு வேறு, ஒழுங்கின்மை வேறு என்னும் இப்பகுப்பு இன்றைய ஆய்விலும் இன்றியமையாததாக இருக்கக் காண்கிறோம்.

இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் 800, 900, 800, 900 மில்லி விநாடி என மாறிமாறி வருவதாகக் கொள்வோம். அதே எண்களைக் கலைத்து அடுக்கினால் சராசரியும் மாறாது. திட்ட விலக்கமும் மாறாது. வரிசை மட்டுமே மாறும். அவ்வரிசையின் ஒழுங்கை அளக்கவே ஸ்டீவ் பிங்கஸ் 1991-இல் 'தோராய என்ட்ரோபி' என்னும் அளவையை வகுத்தார். ஒன்றையொன்று ஒத்த இரு சிறு தொடர்களை எடுத்துக்கொண்டு, அவற்றை அடுத்து வரும் எண்களும் ஒத்துள்ளனவா என அது வினவுகிறது. பெரும்பாலும் ஒத்திருப்பின் மதிப்பு குறையும். அடுத்ததைக் கணிக்கவியலாதாயின் உயரும். ஒவ்வொரு தொடரும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டதால் நேர்ந்த பிழைச் சாய்வை நீக்கி, ரிச்மன், மூர்மன் இருவரும் 2000-இல் 'மாதிரி என்ட்ரோபி'யை அளித்தனர்.

இவ்வகை அளவைகளைக் கொண்டு நோக்கியபோது, முதியோரின் இதயத் துடிப்பு இளையோருடையதைவிடச் சிக்கலமைவு குன்றியிருந்தது. நலமான இதயம் மூச்சுக்கும் அசைவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஏற்பத் தன்னை ஓயாது திருத்திக்கொள்கிறது. அத்திறன் தளர்வதையே எண்கள் காட்டுகின்றன எனக் கருதி, லிப்சிட்ஸ், கோல்ட்பெர்கர் இருவரும் 1992-இல், முதுமை என்பது சிக்கலமைவின் இழப்பு என்னும் கருத்தை முன்வைத்தனர்.

ஆயினும் இதை உடல் முழுமைக்கும் பொது விதியாக்குதல் தவறாகும். முதிய ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் முதலிய சில சுரப்புகள் இளையோரிடம் உள்ளதைவிட ஒழுங்கற்றுச் சுரக்கின்றன என 1996-இல் பிங்கஸும் பிறரும் கண்டனர். இங்கே மதிப்பு குறையவில்லை, கூடுகிறது. இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோயிலும் மதிப்பு மிகும். எனினும் அது நலமன்று. இச்சிக்கலைத் தீர்க்க, கோஸ்டா, கோல்ட்பெர்கர், பெங் ஆகியோர் 2002-இல் பல கால அளவுகளில் என்ட்ரோபியைக் கணிக்கும் முறையைத் தந்தனர். வெறுங்குழப்பம் நீண்ட கால அளவுகளில் தேய்ந்துவிடுகிறது. நலமான இதயத்தின் சிக்கலமைவோ நிலைத்து நிற்கிறது.

ஆகவே, முதுமையை ஒற்றை எண்ணால் தீர்ப்பிடலாகாது. எந்த உறுப்பு, எவ்வளவு நேரப் பதிவு, எந்தக் கால அளவு என்பவற்றை வினவிய பின்னரே அவ்வெண் பொருள் பெறும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.