எலிக்கு எந்த மருந்து? எப்போது வைப்பது?

நெல் வயலில் எலி வெட்டிய தூரை உழவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள். தண்டு தரைக்குச் சற்று மேலே, கத்தியால் சீவியது போல் சாய்வாக அறுபட்டுக் கிடக்கும். குருத்துப்பூச்சி தாக்கிய தூரில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். எலி வெட்டியதில் தூரே துண்டாகிவிடும். இதைக் கண்ட அன்றே கடைக்குப் போய், "எலி மருந்து ஒரு பொட்டலம்" என்று கேட்டு வாங்கி, மாலையில் வரப்பில் வைத்துவிடுவது பலரிடம் உள்ள வழக்கம். மறுநாள் நாலைந்து எலிகள் செத்துக் கிடக்கும். அதற்குப் பிறகு வைக்கும் மருந்தை எலி தொடுவதில்லை. "மருந்து போலி" என்று கடைக்காரரோடு சண்டை வரும். மருந்தில் பெரும்பாலும் குற்றம் இருக்காது. எந்த மருந்தை எந்த வேளையில், எந்த முறையில் வைத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் எலியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே புதிய தீனியை அது ஒரே மூச்சில் தின்றுவிடாது. கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். உடம்புக்கு ஏதாவது ஆனால், அந்த வாசனையும் சுவையும் உள்ள தீனியை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தொடாது. இதை நஞ்சுக் கூச்சம் என்கிறோம். எலி மருந்துகளில் ஒன்றுக்கு இந்தக் கூச்சம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. தேர்வு முழுவதும் இதைப் பொறுத்ததே.

துத்தநாக பாஸ்பைடு

கருஞ்சாம்பல் நிறத் தூள். பூண்டு வாடை வீசும். வயிற்றிலுள்ள அமிலம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் நச்சுவாயு உண்டாகி, சில மணி நேரத்திலேயே எலி இறக்கும். விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் இதற்குத்தான் நஞ்சுக் கூச்சம் உண்டு. குறைவாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அகப்படாது.

எனவே நஞ்சு கலக்காத தீனியை இரண்டு மூன்று நாட்கள் முதலில் வைத்துப் பழக்க வேண்டும். நொய்யில் சிறிது நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் பிசறி, வளைக்கு 15 முதல் 20 கிராம் வரை, ஒவ்வொரு மாலையும் அதே இடத்தில் வையுங்கள். எலி தயக்கமின்றித் தின்னத் தொடங்கிய பிறகே நஞ்சு கலந்த தீனியை வைக்க வேண்டும். 960 கிராம் நொய், 20 கிராம் எண்ணெய், 20 கிராம் துத்தநாக பாஸ்பைடு என்ற அளவில் ஒரு கிலோ தீனி தயாராகும். வளைக்கு 10 கிராம் போதும். அதிகம் கலந்தால் நன்றாக வேலை செய்யும் என்று எண்ணுவது தவறு. வாடை தூக்கலாகி எலி விலகிப் போகும். பழக்கும் நாட்களை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த மருந்தை வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஒரு பருவத்தில் ஒரு முறைக்கு மேல் இதை வைத்துப் பயனில்லை.

புரோமாடியலோன்

இது இரத்தம் உறையாமல் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. இந்த வகை மருந்து பிறந்த கதை மாடு வளர்ப்போருக்குச் சுவையாக இருக்கும். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள், சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. அந்தக் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியின் வழியில் வந்ததே 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த வார்ஃபரின். புரோமாடியலோன் அதன் பின்வந்த தலைமுறை; வார்ஃபரினைப் பல நாள் தொடர்ந்து தின்ன வேண்டும், இதற்கு ஒன்றிரண்டு முறை தின்றாலே போதும்.

தின்ற எலி உடனே சாகாது. ஏறக்குறைய 3 முதல் 10 நாட்கள் ஆகும். இந்தத் தாமதம்தான் இதன் பலம். தன் நோய்க்கும் தின்ற தீனிக்கும் உள்ள தொடர்பை எலி அறிவதில்லை. எனவே கூச்சம் இல்லை, பழக்கும் தீனியும் தேவையில்லை. 0.005 சதக் கட்டிகளாகவே கடையில் கிடைக்கிறது. 0.25 சதத் தூள் வாங்கினால் 960 கிராம் நொய், 20 கிராம் எண்ணெய், 20 கிராம் தூள் என்று கலந்து, 15 கிராம் வீதம் காகிதப் பொட்டலமாகக் கட்டி வளைக்குள் போடலாம். இரண்டாம் நாள் செத்த எலி கண்ணில் படவில்லையே என்று பதற வேண்டாம். பெரும்பாலானவை வளைக்குள்ளேயே இறந்துவிடும்.

இரண்டில் எது? எலி மிகுந்திருக்கும் வயலில் முறைப்படி பழக்கி, துத்தநாக பாஸ்பைடை ஒரே ஒரு முறை வைத்துப் பெருங்கூட்டத்தைக் குறையுங்கள். ஒரு வாரம் கழித்து, எஞ்சிய கூச்சமுள்ள எலிகளுக்கு வேறு வாசனையும் வேறு விளைவும் உள்ள புரோமாடியலோனை வையுங்கள். எலி குறைவாக இருந்தால் புரோமாடியலோன் மட்டுமே போதும். வீடு, களஞ்சியம், மாட்டுக்கொட்டகை அருகில் துத்தநாக பாஸ்பைடு வேண்டவே வேண்டாம்.

வளையை எண்ணுங்கள்

மருந்து வாங்கும் முன் ஒரு மாலையில் வயலிலுள்ள வளைகளை எல்லாம் மண்ணிட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் திறந்திருப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். ஏக்கரில் 40 வளைகளை மூடி, 14 மட்டும் திறந்திருந்தன என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும் துத்தநாக பாஸ்பைடு தீனி 140 கிராம்தான். கிலோ கணக்கில் கலந்து வரப்பெல்லாம் இறைப்பது பணத்துக்கும் கேடு, மயிலுக்கும் கோழிக்கும் கேடு. வளை வாயில் புதுமண் குவிந்து அடைத்திருந்தால் அது பெரும்பாலும் வரப்பெலி. கதிரை அறுத்து உள்ளே சேமித்து வைப்பது இதுவே. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியதும் இதுவே.

காலமும் முக்கியம். கதிர் பால் பிடித்த பிறகு வயல் முழுவதும் எலிக்கு விருந்து. நொய்யை அது ஏன் தேடி வரும்? நட்ட நான்கு முதல் ஆறு வாரத்துக்குள், பொதிப் பருவத்துக்கு முன்பே வைத்துவிட வேண்டும். காவிரிப் படுகையில் இதைவிட நல்ல சமயம் கோடை. வயல் வெறுமையாகி, எலிகள் வாய்க்கால் கரையிலும் பெரிய வரப்பிலும் ஒதுங்கித் தீனிக்கு ஏங்கும் காலம் அது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்கு முன்பே ஊர் கூடி ஒரே வாரத்தில் வைத்தால் செலவு மிகக் குறையும். ஒருவர் மட்டும் வைத்தால், காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி சில நாட்களில் குடிவந்துவிடும். வரப்பைக் குறுகலாகச் செதுக்கி வைப்பதும் வளைக்கு இடம் இல்லாமல் செய்யும்.

துப்பாக்கி வாங்கலாமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியை, 0.22 ரைபிளை அது குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு உரியதாகச் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இரவில் நடமாடி, பகலில் வளைக்குள் கிடந்து, மூன்று வாரச் சினையில் ஆறேழு குட்டி போடும் பிராணியை ஒவ்வொன்றாகச் சுட்டு முடியாது. அதைவிடத் தஞ்சாவூர் கிட்டி எவ்வளவோ மேல். ஏக்கருக்கு 40 கிட்டி வரை வைக்கலாம். நஞ்சு இல்லை, கூச்சமும் இல்லை.

கூகையை மறக்க வேண்டாம். வயலில் தென்னை மட்டையோ, கழியோ கொண்டு T வடிவத் தாங்கி நட்டால் இரவில் வந்தமரும். அபசகுனம் என்று கல்லெறிபவர்கள், அது கக்கிய உருண்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே எலி எலும்பைக் காண்பார்கள். புரோமாடியலோன் தின்ற எலியைத் தின்னும் கூகைக்கும் நாய்க்கும் பூனைக்கும் அதே நஞ்சு ஏறும். ஆகவே மருந்து வைத்த பத்து நாட்களும் காலையில் வயலைச் சுற்றி வந்து, செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

இனி உங்கள் வீட்டுப் பாதுகாப்பு. தீனியை வெறுங்கையால் கலக்காதீர்கள். குச்சியும் கையுறையும் கொள்ளுங்கள். மனித வாடை படாமலிருப்பதும் இதில் கிடைக்கும் இலாபம். கலந்த பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. தீனியை வளைக்கு வெளியே வைக்காதீர்கள், மிஞ்சியதைப் புதைத்துவிடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது கள்ளத்தனமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தனி விவசாயிக்கு அதை விற்க விதி இடம் தரவில்லை. துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. புரோமாடியலோனுக்கு வைட்டமின் கே1 உண்டு, ஆனால் அதை மருத்துவர்தான் தர வேண்டும். குழந்தையோ பெரியவரோ தவறி உண்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திராமல், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல், மருந்துப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த மருந்து என்பது பொட்டலத்தைப் பார்த்தால்தான் மருத்துவருக்குத் தெரியும். அதனால் தீனி வைத்து முடிந்த பிறகும் அந்த உறையைப் பத்து நாட்கள் பூட்டிய பெட்டியில் வைத்திருங்கள்.