வேகத்திற்குப் பணிவு கற்பிக்கும் சக்கரங்கள்

முன்னுரை

குளிர்காலம் என்றவுடன் நம் நினைவில் எழுவது மார்கழிப் பனியாகும். விடியலிற் புல்நுனியில் அரும்பி, கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடும் பனி அது. ஜெர்மனியின் தென்பகுதியிலும் ஆல்ப்ஸ் மலைச்சாரலிலும் நிலைமை முற்றிலும் வேறு. அங்குப் பனி பொழிந்து சாலையிற் படிந்து, வண்டிகளின் எடையால் இறுகிக் கண்ணாடிபோல் வழுக்குகிறது. அந்நாட்டிலேயே உருவாகும் போர்ஷே 911 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் அச்சாலையிலும் ஓடவேண்டியுள்ளன. அவற்றுக்குரிய பனிக்கால டயரையும் சக்கரத்தையும் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையிற் காண்போம். உயர்கல்விக்கும் பணிக்கும் நம் மாணவர் பலர் குளிர்நாடுகளுக்குச் செல்லும் இந்நாளில், இஃது உயிர்காக்கும் அறிவுமாகும்.

ஆற்றல் வேறு; பிடிப்பு வேறு

ஆற்றல் மிக்க எஞ்சின் எந்தச் சாலையையும் வென்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இயற்பியல் அவ்வாறு கூறவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரைப் பிரேக் பிடித்து நிறுத்துவதாகக் கொள்வோம். உராய்வுக் கெழு 0.8 ஆக இருக்கும் உலர்ந்த சாலையில் அது ஏறத்தாழ 12 மீட்டரில் நின்றுவிடும். பனிச்சாலையில் அக்கெழு 0.3 ஆகக் குறைந்தால் 33 மீட்டர் தேவைப்படும், 0.15 ஆகச் சரிந்தால் 66 மீட்டர் தேவைப்படும். இக்கணக்கில் எஞ்சினின் குதிரைத்திறனுக்கு இடமே இல்லை என்பது நோக்கத்தக்கது. வேகமும் பிடிப்புமே முடிவு செய்கின்றன. சாலையைத் தொடுவனவோ, உள்ளங்கையைச் சற்றே விஞ்சும் நான்கு ரப்பர்ப் பரப்புகள் மட்டுமே. அந்த 33 மீட்டருக்கும் 66 மீட்டருக்கும் இடையில் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தை நிற்கக்கூடும்.

கோடை டயர் தோற்பதேன்?

ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் கோடை டயர்களுடனேயே விற்பனைக்கு வருகின்றன. சூடான சாலையில் இறுகப் பற்றுமாறு கலக்கப்பட்ட அந்த ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே செல்லச் செல்ல விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. உறைநிலைக்கு மிகக் கீழே வண்டியை நகர்த்தினால் அதன் பரப்பில் வெடிப்புத் தோன்றவும் கூடும். ஆகவே, பனி பொழியாத நாளிலும் குளிர் ஒன்றே கோடை டயரின் வலிமையைக் குறைக்கப் போதுமானது.

பனிக்கால டயரின் ரப்பரோ குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்குமாறு கலக்கப்படுகிறது. மேலும், அதன் கட்டைகளில் கத்தியாற் கீறியது போன்ற நுண்கீற்றுகள் நிறைந்திருக்கும். அவை சாலைப்பனியைக் கவ்விக்கொள்கின்றன. பனியைப் பனி பற்றுவது, ரப்பர் பனியைப் பற்றுவதினும் வலிது. இந்நுட்பத்தின் முன்னோடிகளுள் ஒன்று பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம். அது 1934ஆம் ஆண்டிலேயே சரக்கு வண்டிகளுக்கான பனிக்கால டயரை உருவாக்கியது.

சட்டமும் சின்னமும்

ஜெர்மனியில் 2010 டிசம்பர் முதல், பனியோ உறைபனியோ படிந்த சாலையில் உரிய டயரின்றி வண்டி ஓட்டுவது குற்றம். சட்டம் நாள் எதையும் குறிக்கவில்லை. சாலையின் நிலையையே குறிக்கிறது. எனினும் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை பனிக்கால டயர் பூட்டுவது மக்கள் வழக்கு. முன்னர் ‘எம் பிளஸ் எஸ்’ என்னும் எழுத்துகளே போதுமானவையாக இருந்தன. 2024 அக்டோபர் முதல், மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த சின்னம் உள்ள டயரே ஏற்கப்படுகிறது. டயர் வாங்குவோர் முதலிற் தேடவேண்டியது இச்சின்னத்தையே. வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் அந்நாட்டுச் சட்டம் ஏற்கும். ஆயினும் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தவுடன் மாற்றுவதே அறிவுடைமை என்பர் வல்லுநர்.

பெருமையைக் குறைக்கும் அளவு

இனி, அளவைக் காண்போம். 245/35 ஆர் 20 என்பது ஒரு டயரின் அளவெனக் கொள்வோம். அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 35 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 20 அங்குலம். டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 680 மில்லிமீட்டர் ஆகும். இதற்கு மாற்றாக 245/45 ஆர் 18 என்னும் அளவைக் கொண்டால், மொத்த விட்டம் 678 மில்லிமீட்டர். வேறுபாடு 2 மில்லிமீட்டரே. ஆதலின் வேகமானி பிழைபடக் காட்டாது. ஆனால் பக்கச்சுவரோ 86 மில்லிமீட்டரிலிருந்து 110 ஆக உயர்கிறது. பனியில் மறைந்திருக்கும் குழியில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்கி ரிம்மைக் காப்பது இவ்வுயரமே. டயரின் விலையும் பெரும்பாலும் குறையும்.

அகலத்தையும் சிறிது குறைக்கலாம். ஒடுங்கிய டயர் ஒரே எடையைச் சிறிய பரப்பில் அழுத்துவதால், சேறான பனியைப் பிளந்து சாலையைத் தொடுகிறது. ஆயினும் உலர்ந்த சாலையில் அதன் பிடிப்புச் சற்றே குறையும் என்பதை மறைக்கலாகாது. முன்சக்கரத்திலுள்ள பெரிய பிரேக் அமைப்பு மிகச் சிறிய ரிம்மிற்கு இடந்தராது என்பதும் உண்மை. ஆகவே, கார் தயாரிப்பாளர் ஒப்பிய அளவுகளுள் சிறியதைத் தேர்வதே நன்று.

நான்கு சக்கரங்களுக்கும் பனிக்கால டயர் இன்றியமையாதது. பின்சக்கரங்களால் இயங்கும் காருக்குப் பின்னால் இரண்டு போதும் எனக் கருதுவோர் உளர். அவ்வண்டி புறப்படும், ஆனால் வளைவில் முன்சக்கரம் திரும்ப மறுக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கும் காராயின், முன்பின் டயர்களின் சுற்றளவுப் பொருத்தமும் பிறழக்கூடாது.

ரிம்மைத் தேர்ந்தெடுத்தல்

பனிக்காலத்திற்கெனத் தனி ரிம்கள் வைத்திருப்பதே சிறந்தது. ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றிப் பூட்டினால் டயரின் ஓரம் சேதமுறலாம். ரிம்மின் துளை எண்ணிக்கை, துளைவட்டத்தின் விட்டம், நடுத்துளை, சக்கரம் உள்வாங்கும் அளவு, தாங்கும் எடை ஆகிய அனைத்தும் காருடன் பொருந்தவேண்டும். போர்ஷே 911க்கு 130 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து துளைகள் உண்டு. போல்ட்டின் தலைப்பகுதி உருண்டையா கூம்பா என்பதையும் பார்த்தல் வேண்டும். பொருந்தாத போல்ட் ஓட்டத்தில் தளரும்.

பளபளப்பு இங்குப் பகையாகும். பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவர். சீவி மெருகேற்றிய அலுமினியத்தில் ஒரு கல் பட்டுப் பூச்சு உரிந்தாலும், உப்பு உள்ளே புகுந்து அரிக்கத் தொடங்கிவிடும். முழுதும் வண்ணம் பூசிய எளிய ரிம்மே குளிரைத் தாங்கும்.

பூட்டிய பின்னர்

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். ஆதலின் அழுத்தத்தை அடிக்கடி சோதித்தல் வேண்டும். சுமார் 50 கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்த்தல் வேண்டும். டயரின் வேகக் குறியீட்டையும் மறத்தலாகாது: எச் எனில் 210, வி எனில் 240, டபிள்யூ எனில் 270 கிலோமீட்டர் உச்ச எல்லை. ஜெர்மனியில் காரின் உச்ச வேகத்தினும் குறைந்த குறியீடுடைய பனிக்கால டயரைப் பூட்டலாம். ஆயின் அவ்வெல்லையை ஓட்டுநர் கண்ணிற்படுமாறு ஒட்டிவைத்தல் வேண்டும்.

முடிவுரை

அந்தச் சிறு ஒட்டுத்தாள் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயவல்ல வண்டி, பனிக்காலம் வந்ததும் தன் எல்லையைத் தன் முன்னே எழுதி வைத்துக்கொள்கிறது. சிறிய சக்கரம், உயர்ந்த பக்கச்சுவர், மெருகற்ற ரிம் ஆகியவை அதன் அழகைச் சற்றே குறைக்கலாம். ஆனால் உள்ளே இருப்போரையும் எதிரே வருவோரையும் வீடு சேர்க்கின்றன. ஆற்றல் பெருகப் பெருகப் பணிவும் பெருகவேண்டும் என்பது மாந்தர்க்கு மட்டுமன்றி அவர் செலுத்தும் ஊர்திக்கும் பொருந்துவதேயாகும்.