கறுத்த காசும் காசுதான்

மேல்விஷாரத்தில் ஒரு டீக்கடை. டேனரியில் வேலை முடித்து வந்த பெரியவர் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். அதன் வெளிவளையம் அடுப்புக்கரிபோலக் கறுத்திருந்தது. "இது செல்லாது பாய், வேற குடுங்க" என்றார் கடைக்காரர். பெரியவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

காசைக் கறுக்க வைப்பது நம் ஊர்த் தோல் பதனிடும் தொழில்தான். அந்த மஞ்சள் வளையத்தில் பெரும்பங்கு செம்பு. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறோம். அந்த ஈரக்கை பட்டாலும், அதிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை நாற்ற வாயு பட்டாலும் செம்பின்மேல் கறுப்புப் படலம் பிடித்துவிடும். உப்பும் வியர்வையும் சேர்ந்தால் பச்சை பூக்கும். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு என்பதால் இவ்வளவு கறுப்பதில்லை.

2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம், சிதைத்த காசும் எடை குறைந்த காசும் செல்லாது என்கிறது. சிதைப்பது என்றால் என்ன? வெட்டுவது, அராவுவது, முத்திரை குத்துவது, புழங்கித் தேய்ந்ததல்ல என்று பார்த்ததுமே தெரியும்படி உருவத்தை மாற்றுவது. கைமாறிக் கைமாறிக் கறுத்த காசு இதில் எதிலும் சேராது என்றே நான் படிக்கிறேன்.

பளபளக்கட்டும் என்று ஆசிட்டில் போடுவதுதான் பெரிய தப்பு. பத்து ரூபாய் நாணயத்துக்கென்று ஒரு எடை உண்டு. ஆசிட் அரித்தாலும் உப்புத்தாள் தேய்த்தாலும் எடை குறையும். நல்ல காசை நாமே செல்லாக்காசு ஆக்கிவிடுவோம். உருக்குவதும் அழிப்பதும் குற்றம், ஏழாண்டு வரை சிறை. தண்டவாளத்தில் காசை வைத்து நசுக்கும் பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்து. வாலாஜா ரோடு ரயில் நிலையம் பக்கம் இருப்பவர்கள் கண்டித்து வையுங்கள்.

பத்து ரூபாயில் அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. கடையில் வாங்காவிட்டால் சண்டை வேண்டாம், வங்கிக்குப் போங்கள். எந்தக் கிளையும் நாணயத்தை மறுக்கக் கூடாது. கணக்கில் போட உச்சவரம்பும் கிடையாது. நூறு நூறாக பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் எண்ணுவது சுலபம். மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.