20 கிலோ பாலில் ரப்பர் எத்தனை கிலோ?

பால்வெட்டுத் தொழிலாளர் இருவர் ஆளுக்கு 20 கிலோ பால் கொண்டுவந்து எடை போடுகிறார்கள். ஒருவர் கணக்கில் 7 கிலோ ரப்பர் ஏறுகிறது. மற்றவருக்கு 6 கிலோதான். தராசில் தவறில்லை. தராசு நிறுப்பது பாலை. பணமோ பல இடங்களில் அதிலுள்ள உலர்ந்த ரப்பருக்கு. முதல் பாலில் அது 35 விழுக்காடு, இரண்டாவதில் 30. மீதி பெரும்பாலும் தண்ணீர்.

இந்த விழுக்காட்டை உடனே பார்க்க உதவுவது மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி. அது அளப்பது எடையை அல்ல, அடர்த்தியை. ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஒரு லிட்டர் ரப்பர் பால் ஏறக்குறைய 980 கிராம்தான். காரணம், ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக இறங்கும். மழைநீர் கலந்த பாலில் மேலே நிற்கும். கெட்டிப் பால்தானே கனம் என்று நினைப்போருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

மிதவை சொல்வது மதிப்பீடுதான். நுரையும் சிக்கிய காற்றும் அதை ஏமாற்றிவிடும். சரியான கணக்கு வேண்டுமென்றால் ஆய்வுக்கூட முறைதான். நன்றாகக் கலக்கிய பாலில் சிறிது எடுத்து எடை போட்டு, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக உருட்டிக் கழுவி, சுமார் 70 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்கள். எடை இனிக் குறையாது என்றான பிறகே கடைசி நிறுவை. 10 கிராம் பாலில் 3.2 கிராம் மிஞ்சினால் 32 விழுக்காடு.

20 கிலோவில் ஒரு விழுக்காடு பிசகினால் 200 கிராம் ரப்பர் போகும். மாதம் 20 நாள் வெட்டுபவருக்கு அது 4 கிலோ.