காகிதக் கூழில் ஸ்பீக்கர் பெட்டி!

வால்யூமைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து பிளாஸ்டிக் ஸ்பீக்கரும் அதிர்கிறதா? பெட்டியை நீங்களே செய்து கொள்ளலாம். அனந்தபுரம் வாசகர்கள் அதிக தூரம் போக வேண்டாம். விழுப்புரம் அருகே அய்யங்கோயில்பட்டில் விநாயகர் சிலைகளைக் காகிதக் கூழால் அச்சில் வார்க்கிறார்கள். அதே முறைதான் இதற்கும்.

ஸ்பீக்கர் கோனின் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் கலந்தால் பேஸ் குறைந்துவிடும். பெட்டி இவ்விரண்டையும் பிரிக்கிறது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் 1951-ல் வெளியிட்ட ஆய்வில், உருண்டைப் பெட்டியே மிகச் சீரான ஒலியைத் தந்தது. மரத்தில் உருண்டை செய்வது கடினம், அச்சில் சுலபம்.

உள்விட்டம் 20 செ.மீ. உள்ள உருண்டை சுமார் 4.2 லிட்டர் கொள்ளும். 4 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு இது போதும். இரண்டு அரை உருண்டைகளாக, ஒரு செ.மீ. தடிமனுக்குக் குறையாமல் வார்க்கவும். நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டவும். ஈரம் இருந்தால் விரிசல் விடும். கூழில் ஸ்குரூ நிற்காது. எனவே ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் பிளைவுட் வளையம் ஒட்டுங்கள். உள்ளே கொஞ்சம் பஞ்சு, இரண்டு பக்கமும் வார்னிஷ். காற்று கசியாமல் மூட மறக்காதீர்கள்!

அச்சு செய்யத் தெரியாதா? சதுர்த்தி முடிந்த மாதங்களில் சிலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு நல்ல ஒலி, அவர்களுக்கும் வேலை.