குற்றாலம் ஏன் தோற்றது?

வெவ்வேறு நாட்டு நண்பர்கள் கூடித் தேர்தல் பேசினால் முதலில் வேடிக்கைகள்தான் வெளிவரும். காம்பியாக்காரர் கோலிக்குண்டுக் கதை சொல்வார். அங்கே பல தேர்தல்களில் வாக்குச்சீட்டே கிடையாது. வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் உலோக உருளை, வாக்காளருக்கு ஒரே ஒரு கோலி. கோலி உள்ளே விழும்போது மணி ஒன்று ‘டிங்’ என்று அடிக்கும். இரண்டு முறை அடித்தால் கள்ள ஓட்டு. ஓசையில் குழப்பம் வரக்கூடாதென்று வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிளுக்குக் கூடத் தடை. ஓட்டுப் போடாவிட்டால் 20 டாலர் அபராதம் என்பார் ஆஸ்திரேலியர். நம்மவர் பங்குக்கு மொடக்குறிச்சி இருக்கிறது: 1996-இல் அந்த ஒரு சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றதால் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் ஓட்டுப் போடும் விதங்கள். போட்ட ஓட்டை எண்ணும் விதத்துக்கு வந்தால் கதை வேறு மாதிரி போகிறது. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

15 பேர் சுற்றுலா கிளம்புகிறார்கள். 6 பேருக்கு முதலில் ஊட்டி, அடுத்து குற்றாலம், கடைசியில் ராமேஸ்வரம். 5 பேருக்கு ராமேஸ்வரம், குற்றாலம், ஊட்டி என்ற வரிசை. மீதி 4 பேருக்குக் குற்றாலம், ராமேஸ்வரம், ஊட்டி. முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் 6 ஓட்டோடு ஊட்டி ஜெயித்துவிடும். ஆனால் 9 பேருக்கு ஊட்டிதான் கடைசி! சரி, கடைசியாக வந்த குற்றாலத்தை நீக்கிவிட்டு அந்த 4 பேரின் இரண்டாம் விருப்பத்தைப் பார்ப்போம். நான்கும் ராமேஸ்வரத்துக்குப் போகின்றன. 9-க்கு 6 என்று ராமேஸ்வரம் ஜெயிக்கிறது. இப்போது இரண்டிரண்டு ஊராக மோதவிடுங்கள். குற்றாலமா ஊட்டியா என்றால் 9 பேர் குற்றாலத்தின் பக்கம். குற்றாலமா ராமேஸ்வரமா என்றால் 10 பேர் குற்றாலத்தின் பக்கம். யாருடன் மோதினாலும் ஜெயிக்கிற ஊர், முந்தைய இரண்டு முறையிலும் தோற்றிருக்கிறது. ஒருவர்கூட மனம் மாறவில்லை. மூன்று முறைகளில் மூன்று ஊர்கள் வென்றுவிட்டன.

ஊட்டிக்கு வண்டியைத் திருப்பும் முறைதான் இந்திய மக்களவைக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கும். தொகுதியில் யாருக்கு அதிகமோ அவருக்கே இடம். பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. 2014-இல் பகுஜன் சமாஜ் கட்சிக்கு நாடு முழுக்க 4 சதவீதத்துக்கும் சற்று மேல் வாக்கு. வாக்குக் கணக்கில் நாட்டிலேயே மூன்றாவது கட்சி, கிடைத்த இடமோ பூஜ்யம். 3.3 சதவீதம் பெற்ற அ.தி.மு.க.வுக்கு 37 இடங்கள். ஒரு கட்சியின் ஓட்டு பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தது. இன்னொன்றின் ஓட்டு ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தது.

ராமேஸ்வரத்தை ஜெயிக்க வைக்கும் முறைக்குச் சொந்தக்காரர்கள் பலர். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு இடலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கு விழுந்த அடுத்த விருப்பைக் கூட்டுவார்கள். 1982 முதல் ஒவ்வொரு முறையும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டியதால் இந்த ஏற்பாடு சட்டப் புத்தகத்திலேயே உறங்கியது. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்தில் நிற்க, முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. அதில் அவருக்குச் சேர்ந்தவை ஏறத்தாழ 1,05,000. இரண்டாம் இடத்திலிருந்த சஜித் பிரேமதாசவுக்கோ ஏறத்தாழ 1,68,000. வெளியேறியவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்த இருவருக்கும் அடுத்த விருப்பே இல்லை. ஆகவே வென்றவரின் மொத்தம், செல்லுபடியான வாக்கில் 43 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. பெரும்பான்மையை உருவாக்கித் தரவேண்டிய முறை, மக்கள் 2 என்று எழுதாததால் அதை உருவாக்கவில்லை. ஆஸ்திரேலியக் கீழவைத் தேர்தலில் இந்தத் தப்பித்தல் கிடையாது: எல்லாக் கட்டத்திலும் எண் இடாவிட்டால் சீட்டு செல்லாது. அலுத்துப்போனவர்கள் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று போட்டுவிட்டு நகர்வார்கள். அதற்கு அங்கே ‘கழுதை ஓட்டு’ என்று பெயர்.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் விருப்ப வாக்கு முறைதான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. 1969-இல் வெல்லத் தேவைப்பட்ட வாக்கு மதிப்பு 4,18,169. முதல் விருப்பத்தில் வி.வி. கிரிக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. மற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி எண்ணி முடித்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிட்டத்தட்ட 88,000 வித்தியாசம் 15,000-க்குள் சுருங்கிவிட்டது. மூன்றாவதாக வந்த சி.டி. தேஷ்முக்கின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் ரெட்டியை அடுத்ததாக எழுதியிருந்தார்கள்.

குற்றாலத்துக்காக வாதாடியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோண்டோர்சே. எல்லோரையும் தனித்தனியே வெல்பவரே வெல்லட்டும் என்ற அவருடைய யோசனை நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 1785-இல் வெளியிட்ட நூலில் அதன் ஓட்டையையும் அவரே காட்டினார். மூன்று பேர், ஒருவருக்கு ஊட்டி, குற்றாலம், ராமேஸ்வரம், இன்னொருவருக்குக் குற்றாலம், ராமேஸ்வரம், ஊட்டி, மூன்றாமவருக்கு ராமேஸ்வரம், ஊட்டி, குற்றாலம். ஊட்டி குற்றாலத்தை வெல்லும், குற்றாலம் ராமேஸ்வரத்தை வெல்லும், ராமேஸ்வரம் ஊட்டியை வெல்லும். தனி ஆளிடம் இப்படிச் சுற்றி வரும் விருப்பம் இருந்தால் கிறுக்கு என்போம். மூவருமே தெளிவாக இருந்தும் கூட்டத்துக்கு அந்தக் கிறுக்கு பிடித்துவிடுகிறது. 1951-இல் கென்னத் ஆரோ இன்னும் கறாராக நிரூபித்தார்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது, யாரும் சர்வாதிகாரியாக இல்லாமல், சில எளிய நியாயங்கள் எல்லாவற்றையும் எப்போதும் காப்பாற்றி மக்களின் வரிசைகளை ஒரே வரிசையாக்கும் முறை எதுவும் இருக்க முடியாது. 1972-இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றார்.

குற்றாலத்தின் தோல்வி தாளில் மட்டும் நடப்பதில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் விருப்ப வாக்கு முறையில் ஒரு இடைத்தேர்தல் நடந்தது. மேரி பெல்டோலா, சாரா பேலின், நிக் பெகிச் மூவரில் பெகிச் மூன்றாம் இடத்துக்குப் போய் நீக்கப்பட்டார், பெல்டோலா வென்றார். பிறகு சீட்டுகளின் தரவை அலசியவர்கள் கண்டது, பெகிச் மற்ற இருவரையும் தனித்தனியே வென்றிருப்பார் என்பது. இந்த முறையே வேண்டாம் என்ற கோரிக்கை 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆயிரம் வாக்கைக்கூடத் தொடாத வித்தியாசத்தில் முறை தப்பியது. வேண்டும், வேண்டாம் என்று இரண்டே விடை இருந்ததால் அன்று அதை எப்படி எண்ணுவதென்ற வம்பு மட்டும் வரவில்லை.