உள்ளத்தை எழுதும் ஓவியம்

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலையொன்றில், எம் கல்லூரி நூல்நிலையத்தில் யானும் நண்பர் இருவரும் பெரியதோர் ஓவிய நூலைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அதன் ஏடொன்றில் நோயுற்ற சிறுமியின் படம் இருந்தது. தலையணையிற் சாய்ந்த அவள் முகம் வெளிறியிருந்தது. செந்நிறக் கூந்தல் கலைந்து கிடந்தது. அருகிலிருந்த மாது தலை கவிழ்ந்திருந்தாள். கைகள் சரிவர வரையப்படவில்லை, படமெங்கும் கீறல்கள். "இதனினும் நன்றாக என் தம்பி வரைவான்" என்றேன் யான். மூவரும் நகைத்தோம். அவ்வழியே வந்த எம் ஆசிரியர் ஒருவர் படத்தைச் சிறிதுநேரம் நோக்கிவிட்டு, "இதனை முதன்முதற் காட்சிக்கு வைத்தபோதும் கண்டோர் நகைக்கவே செய்தனர். ஆயினும் ஏன் நகைத்தோம் என்பதை நகைத்தவர் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஒரு வாரங்கழித்து எனக்குச் சொல்லுங்கள்" என்று கூறிச் சென்றார். அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. யான் ஓவியம் வல்லேனல்லேன். ஈண்டுக் கூறப்படும் படங்களுள் எதனையும் நேரிற் கண்டேனுமல்லேன். நூல்களில் அச்சிட்ட படிகளைக் கண்டும், அவற்றைப் பற்றிப் படித்தும் அறிந்தவற்றையே கூறுகின்றேன்.

ஓவியன் உலகை நோக்கும் நெறி இரண்டு எனலாம். கண் கண்டதைக் கண்டவாறு தீட்டுவது ஒன்று. கண்டவிடத்து நெஞ்சில் எழுந்ததைத் தீட்டுவது மற்றொன்று. 1874ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மோனே முதலிய ஓவியர் பாரிஸ் நகரில் ஒரு காட்சி நடத்தினர். அவர்தம் முறைக்கு இம்பிரஷனிஸம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. காலையொளி நீர்மேல் விழும் அக்கணத்தில் அது கண்ணிற்கு எவ்வாறு தோன்றுகின்றதோ, அத்தோற்றத்தைப் பற்றிக்கொள்வதே அவர் நோக்கம். அதற்குப்பின் எழுந்த எக்ஸ்பிரஷனிஸமோ எதிர்த்திசையிற் செல்வது. புறத்தே உள்ளது அகத்தே பதிவது முன்னது. அகத்தே உள்ளது புறத்தே வெளிப்படுவது பின்னது. ஆதலின் இதனைத் தமிழில் வெளிப்பாட்டு நெறி என்று வழங்குதல் பொருந்தும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். தேர்வில் தவறிய மாணவன் ஒருவன் வீடு திரும்பும் தெருவை எண்ணுக. ஒளிப்படக் கருவிக்கு அது நாள்தோறும் உள்ள தெருவே. அவனுக்கோ அன்று அது நீண்டுகொண்டே போகின்றது. இருபுறத்து வீடுகளும் அவன்மேற் சாய்கின்றன. திண்ணையில் இருப்போர் கண்களெல்லாம் பெரியனவாகின்றன. அத்தெருவைத் தான் உணர்ந்தவாறு அவன் வரைவானாயின், வீடுகள் சாய்ந்தே நிற்கும். அளவுகோல் கொண்டு நோக்குவார்க்கு அது பிழை. அவன் நெஞ்சை அறிவார்க்கு அதுவே மெய்.

யாங்கள் நகைத்த படம் நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மூங்க் என்பாரது 'நோயுற்ற சிறுமி'. அவர் 1863ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்து வயதில் தாயை எலும்புருக்கி நோய்க்கு இழந்தார். அந்நோயே 1877ஆம் ஆண்டு அவர் தமக்கை ஸோபியைப் பதினைந்தாம் வயதிற் கொண்டுபோயிற்று. அந்நினைவை அவர் 1885, 1886ஆம் ஆண்டுகளில் ஓவியமாக எழுதினார். எழுதியதைச் சுரண்டினார், மீண்டும் எழுதினார், மீண்டும் சுரண்டினார். யாங்கள் கண்ட கீறல்கள் கைத்திறனின்மையால் விளைந்தன அல்ல. வேண்டியது கைகூடாமல் ஒருவர் பலகால் முயன்றதன் தழும்புகள். இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரில் 1886ஆம் ஆண்டு இப்படம் வைக்கப்பட்டபோது, இது முடிவுபெறாத படம் என்று பலரும் எள்ளினர். மூங்க் அதனைக் கைவிட்டாரல்லர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை ஆறு முறை வண்ணத்தில் எழுதினார்.

அவர் 1893ஆம் ஆண்டு எழுதிய 'அலறல்' என்னும் படம் உலகறிந்தது. நண்பர் இருவரோடு மாலையில் நடந்து செல்கையில், வானம் குருதிபோற் சிவந்ததாகவும், இயற்கை முழுவதும் ஓர் அலறல் ஊடுருவியதாக உணர்ந்ததாகவும் அவரே குறித்துள்ளார். அப்படத்தை ஊன்றி நோக்குமின். வானத்தின் கோடுகளும் நீரின் கோடுகளும் வளைந்து வளைந்து ஓடுகின்றன. முன்னே நிற்கும் உருவத்தின் முகமும் உடலும் அவ்வாறே வளைந்துள்ளன. வழியின் கைப்பிடியும் பின்னே செல்லும் இருவரும் மட்டும் நேராய் நிற்கின்றனர். அலறல் கேட்டவர் ஒருவரே. உடன் வந்தோர் கேட்டிலர். இவ்வளவும் ஒரு சொல்லுமின்றிக் கோடுகளாலேயே கூறப்பட்டுவிட்டது.

இங்கே தமிழ் பயில்வார்க்குத் தொல்காப்பியனார் கூறிய மெய்ப்பாடு நினைவுக்கு வரும். உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதல் மெய்ப்பாடு. அழுகையும் அச்சமும் கண்ணீராலும் நடுக்கத்தாலும் பிறர்க்குத் தோன்றும். ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. மெய்ப்பாடு உணர்ந்தவனது மெய்யில் தோன்றுகின்றது. மூங்க் எழுதிய படத்திலோ வானும் நீருமே நடுங்குகின்றன. உணர்ந்தவனது உடம்பின் எல்லையைக் கடந்து உலகத்தின் மேலேயே அவன் அச்சம் எழுதப்படுகின்றது. இரண்டும் ஒன்றென யான் கூறவில்லை; அறிந்தது கொண்டு அறியாததை அணுக இவ்வொப்புமை எனக்கு உதவிற்று.

வெளிப்பாட்டு நெறி ஓர் இயக்கமாக உருப்பெற்றது ஜெர்மனி நாட்டில். 1905ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிரெஸ்டன் நகரில், கட்டடக்கலை பயின்ற கிர்ச்னர், பிளைல், ஹெக்கெல், ஷ்மிட்-ராட்லுப் என்னும் நால்வர் 'பாலம்' என்று பொருள்படும் பெயரால் ஒரு குழு அமைத்தனர். அவருள் மூத்தவர்க்கு வயது இருபத்தைந்து, இளையவர்க்கு இருபது. நம்மையொத்த மாணாக்கரே அவர் என்பதை நண்பர்கள் கருதுவார்களாக. மறு ஆண்டு அவர்கள் நடத்திய காட்சி ஒரு விளக்குத் தொழிற்சாலையின் கூடத்தில் நிகழ்ந்தது. அவருள் கிர்ச்னர் நம் நாட்டு அஜந்தாக் குகை ஓவியங்களின் படிகளை நூலொன்றிற் கண்டு பயின்றவர் என்பது நமக்கு உவகை தரும் செய்தி.

இவர்கள் பெரிதும் கையாண்டது மரச்செதுக்கு அச்சு. மரப்பலகையில் வெண்மையாக இருக்கவேண்டிய இடங்களை உளியால் அகழ்ந்துவிடுவர். அகழாத மேற்பரப்பில் மை தடவித் தாளை அழுத்தினால் அவ்விடம் கருமையாகப் பதியும். இடைப்பட்ட சாயல் அங்கில்லை. ஒன்று கருமை, அன்றேல் வெண்மை. மேலும் மரத்தின் நார் உளிக்கு எதிர்நிற்பது. மெல்லிய வளைவுகளைச் செதுக்குதல் அரிது. கூரிய கோணங்களே எளிதில் அமையும். ஆதலால் அப்படங்களில் முகங்கள் வெட்டுண்டன போலத் தோன்றுகின்றன. கருவியின் கடுமையை மறையாமல், அதனையே உணர்ச்சியின் கடுமைக்கு மொழியாக்கிக்கொண்டனர்.

இம்முறையின் ஆற்றலைக் காத்தே கொல்விட்ஸ் என்னும் அம்மையாரிடம் காணலாம். அவர் அக்குழுவிற் சேர்ந்தவரல்லர். எனினும் வெளிப்பாட்டு நெறியோடு வைத்தே பலரும் அவரைப் பேசுவர். 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அவர் இளைய மகன் பீட்டர் தானே முன்வந்து படையிற் சேர விரும்பினான். வயது நிரம்பாமையால் தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. தந்தை மறுத்தார், தாயே மகனுக்காகப் பரிந்து பேசி அவ்விசைவைப் பெற்றுத் தந்தார். அக்டோபர் மாதம் பெல்ஜியத்திற் பீட்டர் மாண்டான். அப்பொழுது அவனுக்கு வயது பதினெட்டு; என்னினும் ஓராண்டு இளையவன்.

அம்மையார் அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் அமைக்கத் தொடங்கினார். அது முற்றுப்பெற்றது 1932ஆம் ஆண்டில். மகன் வாழ்ந்த ஆண்டுகள் எத்துணையோ அத்துணை ஆண்டுகள் தாய் அவன் கல்லறைக்கு உழைத்தார். அச்சின்னத்தில் மகன் உருவம் இல்லை. தாயும் தந்தையும் தனித்தனியே முழந்தாளிட்டிருக்கின்றனர். தந்தை தன் கைகளால் தன்னையே இறுக்கிக்கொண்டிருக்கின்றார், தாய் குனிந்திருக்கின்றாள். ஒருவரையொருவர் தொட்டிலர். துன்பம் அவர்களை ஒன்று சேர்க்கவில்லை என்பது அவ்விடைவெளியால் விளங்குகின்றது. இன்று அவ்வுருவங்கள் பெல்ஜியத்தில் வ்லாட்ஸ்லோ என்னும் இடத்துக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளன. அதற்கிடையில், 1920ஆம் ஆண்டு பார்லாக் என்பாரது மரச்செதுக்குகளைக் கண்ட அம்மையார், தாமும் அம்முறையை மேற்கொண்டு 'போர்' என்னும் தலைப்பில் ஏழு படங்களைச் செதுக்கினார். அவற்றிற் படைவீரரின் வெற்றியைக் காணோம். தாயரையும் கைம்பெண்களையும் பெற்றோரையுமே காண்கின்றோம்.

'துன்பத்தையும் விகாரத்தையும் ஏன் எழுதவேண்டும்? கலை இன்பம் தருவதற்கன்றோ?' என்று ஒரு நண்பர் என்னை வினவினார். அவருக்கு விடையாக யான் காட்டியது ஐந்நூறு ஆண்டுகள் பழமையான ஓர் ஓவியம். 1512க்கும் 1516க்கும் இடையில் குருனெவால்ட் என்பார் ஈசன்ஹைம் மடத்துக்குச் சிலுவைக் காட்சி ஒன்றை எழுதினார். வெளிப்பாட்டு நெறியினர் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றினர். நம் இல்லங்களில் தொங்கும் கிறிஸ்துவின் படங்களில் மேனி பளிங்கு போன்றிருக்கும். குருனெவால்ட் எழுதிய கிறிஸ்துவின் உடலோ பச்சை படர்ந்து, எங்கணும் புண்பட்டு, விரல்கள் வலியால் விறைத்து நிற்கின்றது. காரணம் யாதெனின், அம்மடத்து மருத்துவசாலையில் பூஞ்சை பற்றிய தானியத்தை உண்டதால் வரும் கொடிய தோல்நோயும் உறுப்பழுகலும் உற்றோர் பேணப்பட்டனர். அவர்கள் இப்படத்தின்முன் கொணரப்பட்டனர். அழகிய மேனியைக் கண்டால் அவர்க்கு என்ன ஆறுதல்? தம் புண்களையே ஆண்டவர் மேனியிற் கண்டபோது, தாம் கைவிடப்படவில்லை என்று உணர்ந்திருப்பர். பாடுபடும் ஊழியனிடம் விரும்பத்தக்க அழகில்லை என்று ஏசாயா தீர்க்கதரிசி உரைத்ததையும் நாம் மறத்தலாகாது.

இனி, நகைப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். 1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆம் நாள், ஹிட்லர் அரசினர் மியூனிக் நகரில் 'சீரழிந்த கலை' என்று பெயரிட்டு ஒரு காட்சி திறந்தனர். 32 காட்சிச்சாலைகளிலிருந்து பறித்த ஏறத்தாழ 650 படைப்புகளை நெருக்கி மாட்டி, சுவர்களில் இழிமொழிகளை எழுதி, மக்கள் கண்டு எள்ளுமாறு வைத்தனர். அங்கே கண்டோர் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவர். கிர்ச்னர் படங்களும் அங்கிருந்தன. மறு ஆண்டு அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மூங்க் எழுதிய 'நோயுற்ற சிறுமி'யின் 1907ஆம் ஆண்டுப் படம் டிரெஸ்டன் நகரத்தில் இருந்தது. அதனையும் அகற்றி விற்றனர். இன்று அது இலண்டன் டேட் ஓவியச்சாலையில் உள்ளது. 1886ஆம் ஆண்டு நகைத்தவர் அறியாமையால் நகைத்தனர். 1937ஆம் ஆண்டு நகைக்குமாறு அரசே கற்பித்தது. இதனைப் படித்தபோது, நூல்நிலையத்தில் யாங்கள் நகைத்த ஓசை என் செவியில் மீண்டும் ஒலித்தது.

ஆயினும் துன்புற்ற ஓவியரெல்லாம் சான்றோர் என்று முடிவு செய்தல் கூடாது. எமில் நோல்டே என்பார் கிறிஸ்துவின் வாழ்க்கையை ஒன்பது படங்களாக 1911, 1912ஆம் ஆண்டுகளில் எழுதியவர். மியூனிக் காட்சியில் அவையும் எள்ளப்பட்டன. அவருடைய படைப்புகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை பறிமுதலாயின. எனினும் அவரே அவ்வரசினரின் கட்சியிற் சேர்ந்தவர், யூதரை வெறுத்தவர். யூதராய்ப் பிறந்த ஆண்டவரை அத்துணை உணர்ச்சியோடு எழுதிய கை, அவர்தம் இனத்தாரை வெறுத்தது எங்ஙனம்? இதற்கு என்னிடம் விடையில்லை. உணர்ச்சி வலியதாயிருத்தல் ஒன்றே ஒருவனை நல்லவனாக்கிவிடாது என்பதை மட்டும் அறிந்துகொண்டேன். அங்ஙனமே, கோணலாக வரைந்தனவெல்லாம் உயர்ந்த கலை ஆகிவிடா. கோணல் எதனை உணர்த்த வந்தது என்று வினவினால் படம் விடை கூறல் வேண்டும். கூறாதாயின் அது வெறும் கோணலே.

ஒரு வாரங்கழித்து ஆசிரியரிடம் சென்றேன். அதற்குள் ஒன்று என் நினைவுக்கு வந்திருந்தது. ஈராண்டுகளுக்கு முன் என் தங்கை டைபாயிடு சுரத்தால் பதினெட்டு நாட்கள் படுத்திருந்தாள். இரவுதோறும் யான் அவ்வறையில் இருந்தேன். இன்று எண்ணிப் பார்த்தால், அவ்வறைச் சுவரின் நிறம் நினைவில்லை. கட்டில் எப்புறம் கிடந்ததென்பதும் நினைவில்லை. நெற்றியில் ஒட்டிய ஈரமயிரும், கவிழ்ந்திருந்த எம் அன்னையின் பிடரியுமே கண்முன் நிற்கின்றன. மூங்க் எழுதியதும் இவ்வளவே. நினைவு விட்டுவிட்டதை அவர் கையும் விட்டுவிட்டது.

"அப்படத்தை அடையாளம் கண்டுகொண்டேன் ஐயா. அதனாலேதான் நகைத்தேன் போலும்" என்றேன். ஆசிரியர் அதற்கு விளக்கம் ஒன்றும் கூறவில்லை. "தங்கை இப்போது நலந்தானே?" என்று மட்டும் கேட்டார். நலமே என்றேன்.

அந்நூல் இன்றும் நூல்நிலையத்தில் உள்ளது. நண்பர்கள் எடுத்துப் பார்ப்பார்களாக. எல்லாப் படமும் எல்லார்க்கும் பிடித்தல் வேண்டும் என்பதில்லை. ஆனால் நகைப்பு வருமிடத்துச் சற்றே நின்று, அது எங்கிருந்து வருகின்றதென்று தம் நெஞ்சை வினவுவார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.